ஒழுங்காக நடந்த ஒரே டிக்கெட்

காலை பதினொன்றே காலுக்கு மேனேஜர் மூன்றாம் முறையாக அதே படத்தின் முன்னால் போய் நின்றார்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படம். ஐந்து பெட்டிகள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஓர் அம்பு. வேலை வரும். எழுதப்படும். சரிபார்க்கப்படும். சோதிக்கப்படும். வெளியே போகும். அம்புகள் எல்லாம் ஒரே திசையில் பார்த்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

“இதான் மேடம் எங்க ப்ராசஸ். இந்த ஆபீஸ்ல ஒரு எறும்பு நகர்ந்தாலும் இது வழியாத்தான் நகரும்.”

“இதுல ஒரு காப்பி குடுங்க சார்,” என்றான் கொழுந்தன். “எங்க வீட்டு எறும்புங்களுக்குக் காட்டணும். அதுங்க சர்க்கரை டப்பா வழியாச் சுத்திப் போகுது.”

அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். எவ்வளவு நேரத்துக்கு என்பது வேறு விஷயம்.

அவன் அவள் கணவனின் தம்பி. நான்கு இடத்தில் வேலை பார்த்து நான்கிலும் வாயால் கெட்டவன். ஐந்தாவதாக அண்ணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தான். அவன் கூப்பிடுவதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவர் காசோலையிலேயே அப்படி எழுதிவிட்டார். வங்கி திருப்பி அனுப்பியது.

“படம் புரிஞ்சுது சார்,” என்றாள் அண்ணி. “நடந்தது என்னன்னு சொல்லுங்க.”

“அதான் சொல்றேனே. இதுபடிதான் நடந்தது.”

காலையிலிருந்து எல்லார் வாயிலும் இதே பாட்டு.

அந்த நிறுவனம் ஆம்புலன்ஸ்களுக்கு வழி சொல்லும் மென்பொருள் எழுதியது. ஃபோனில் வரும் முகவரியை வாங்கிக்கொண்டு, போகவேண்டிய தெருவை டிரைவரின் திரையில் காட்டும். சென்ற மாதம் புதிய பதிப்பு வெளியே போனது. மறுநாளே ஒரு வண்டி தெரு மாறிவிட்டது. நூலகத் தெரு மேற்கில் ஓர் அம்மா சமையலறைத் தரையில் கிடந்தார். வண்டி நூலகத் தெரு கிழக்கில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அம்மா பிழைத்தார். வலக்கையும் வலக்காலும் பிழைக்கவில்லை.

நிறுவனம் தானே விசாரித்துத் தானே தீர்ப்பும் எழுதிவிட்டது. புதிய பதிப்பில் மாறிய பெரிய விஷயம் ஒன்றுதான். வழி தேடும் பகுதி. அதைச் சோதித்துச் ‘சரி’ என்று குறித்தவள் டெஸ்டர். ஆகவே குற்றவாளி டெஸ்டர். நாலு மணிக்கு முதலாளிகள் கூடுவார்கள். அவளை வேலையிலிருந்து நீக்குவார்கள். அவள் பெயரைப் போலீசுக்கு எழுதிக் கொடுப்பார்கள். வெளியாள் ஒருவரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்று அவர்களுடைய வக்கீல் சொன்னாராம். அதற்குத்தான் அண்ணி.

“எங்களைக் கண்டுபிடிக்கக் கூப்பிட்டீங்களா, கையெழுத்துப் போடக் கூப்பிட்டீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்.”

“கல்யாணம் முடிஞ்ச அப்புறம் பொண்ணு பாக்கக் கூப்பிட்டிருக்காங்க அண்ணி,” என்றான் கொழுந்தன்.

டெஸ்டரை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்திருந்தார்கள். காகிதக் கட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் போட்டுவைக்கும் அறை. மடியில் கைப்பை. கழுத்தில் வெறும் நாடா மட்டும் தொங்கியது. அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். முப்பது வயதிருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

“நீங்க சோதிச்சீங்களா?”

“சோதிச்சேன்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா?”

“அன்னைக்கு நிச்சயமாத் தெரியும். இப்ப தெரியல. எல்லாரும் நீ பாக்கல, நீ பாக்கலன்னு சொல்றாங்க. கேஸ் அடுப்பை அணைச்சோமான்னு பாதி வழியில சந்தேகம் வருமே, அந்த மாதிரி. எனக்குத் திரும்பிப் போய்ப் பாக்க வீடு இல்ல.”

அண்ணிக்கு எரிச்சல் வந்தது. பொய் சொல்கிறவர்களை அவளுக்குக் கையாளத் தெரியும். தன்னையே நம்பாத ஒருத்தியை என்ன கேட்பது?

துப்பறிய வருவதற்கு முன் அண்ணி ஒரு பார்சல் கம்பெனியில் புகார் மேசையில் இருந்தாள். பார்சல் தொலைந்தால் ஆட்களைக் கேட்டுப் பயனில்லை என்று அங்கே கற்றாள். ஆட்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பார்சலுக்குக் கதை கட்டத் தெரியாது. எங்கெங்கே ஸ்கேன் ஆனதோ அதுதான் அது போன வழி.

“இந்த ஆபீஸ்ல பார்சல்னா எது?” என்று வெளியே வந்து கேட்டாள்.

பதில் சொன்னவன் தாடி. மற்றவர்கள் எழுதிய நிரலை, அவர்கள் பாஷையில் ‘கோட்’, வரிவரியாகச் சரிபார்க்கிற மூத்த ஆள். அவனை எல்லாரும் தாடி என்றே கூப்பிட்டார்கள். காரணம் மார்பு வரை இருந்தது.

“டிக்கெட்,” என்றான். “ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட். யார் தொட்டாலும், எங்க நகர்த்தினாலும், சிஸ்டம் நேரத்தோட குறிச்சுக்கும். கோட்ல கை வெச்சாலும் அந்த டிக்கெட் நம்பரைப் போட்டுத்தான் வைக்கணும்.”

“அந்தக் குறிப்பை எல்லாம் வரிசையா அடுக்கினா?”

“வேலை நிஜமா எந்த வழியாப் போச்சுன்னு தெரியும். அதுக்குப் பேரே இருக்கு மேடம். ப்ராசஸ் மைனிங்.”

“மைனிங்னா சுரங்கம்,” என்றான் கொழுந்தன். “தலைக்கு ஹெல்மெட் குடுப்பீங்களா?”

“இதுவரைக்கும் இங்க யாராவது தோண்டியிருக்கீங்களா?” என்றாள் அண்ணி.

“எதுக்கு மேடம்? படம்தான் மாட்டியிருக்கே.”

ஒரு வருடத்துக் குறிப்புகளைக் கொழுந்தன் கணினியில் இறக்கினான். வாய்தான் மோசம். அட்டவணைகளில் அவன் கை சுத்தம். கூட்ட அறையின் கண்ணாடிச் சுவரில் அண்ணி ஐந்து பெட்டிகளை வரைந்தாள். அவன் டிக்கெட் டிக்கெட்டாக வாசித்தான். அவள் மார்க்கரால் கோடு இழுத்தாள்.

கொஞ்ச நேரத்திலேயே படம் கெட ஆரம்பித்தது. மூன்றாம் பெட்டிக்குப் போனது இரண்டுக்குத் திரும்பி வந்தது. சோதித்து முடித்த பிறகு எழுதினார்கள். வெளியே அனுப்பிவிட்டுச் சரிபார்த்தார்கள். ஒரு டிக்கெட் எல்லாப் பெட்டியையும் கடந்து, ஊர் சுற்றிவிட்டு, கடைசியில்தான் முதல் பெட்டியில் பிறந்தது.

“பிள்ளை பெத்து வளத்துட்டு அப்புறமா கல்யாணப் பத்திரிகை அடிச்சிருக்காங்க,” என்றான் கொழுந்தன்.

மதியத்துக்குள் சுவர் சிக்குப் பிடித்த தலையாகிவிட்டது.

ஆனாலும் சிக்குக்குள் சில பழக்கங்கள் இருந்தன. எல்லா டிக்கெட்டும் மூன்றாம் பெட்டியிலிருந்து ஒரு தடவையாவது திரும்பி வந்திருந்தது. அண்ணி தாடியைக் கூப்பிட்டாள்.

“முதல் தடவை நான் எதையும் ஒத்துக்க மாட்டேன் மேடம்.”

“தப்பே இல்லேன்னாலும்?”

“ஒரு தடவை திருப்பி அனுப்பினாத்தான் அடுத்த தடவை பயந்து எழுதுவாங்க.”

“எங்கம்மா பாத்திரம் தேய்க்கச் சொல்ற மாதிரி,” என்றான் கொழுந்தன். “அண்ணிக்கு நல்லாப் புரியும்.”

“இது என்ன?” அண்ணி இன்னோர் இடத்தைத் தொட்டாள். “வெள்ளிக்கிழமையானா எல்லா டிக்கெட்டும் கிட்டத்தட்ட ஒரே நிமிஷத்துல நகருது.”

தாடி கொஞ்சம் நெளிந்தான். “அன்னைக்கு மேனேஜர் மீட்டிங். டிக்கெட் ஏன் நகரலன்னு கேப்பாரு. அதனால உள்ள போறதுக்கு முன்னாடி மொத்தமா இழுத்து விட்டுடுவோம்.”

“அப்ப இதுல இருக்கறது வேலை நடந்த நேரம் இல்ல. கேள்வி வரப்போற நேரம்.”

“அப்படியும் சொல்லலாம்.”

அவன் போனான். அண்ணி மார்க்கரை மேசையில் எறிந்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. அரை நாள் போயிருந்தது. கிடைத்தது இவ்வளவுதான்: இங்கே யாரும் எதையும் சொன்னபடி செய்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு துப்பறிவாளர் தேவையில்லை. எந்த அலுவலகத்திலும் போய் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும்.

“கடைசி டிக்கெட் அண்ணி,” என்றான் கொழுந்தன். “நம்ம டிக்கெட். வழி தேடற பகுதி.”

அவள் குனிந்து மார்க்கரை எடுத்தாள். அவன் வாசித்தான். அவள் இழுத்தாள். முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. கோடு முடிந்துவிட்டது.

“மீதி?”

“மீதி இல்ல.”

“தாடி திருப்பி அனுப்பல?”

“இல்ல.”

“வெள்ளிக்கிழமை மொத்தமா இழுத்து விடல?”

“இல்ல. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி நாள்ல. ஆற அமர.”

இருவரும் எட்டி நின்று சுவரைப் பார்த்தார்கள். அத்தனை சிக்குக்கும் நடுவே ஒரே ஒரு கோடு மட்டும் வகிடு எடுத்ததுபோல் நேராக ஓடியது.

“மொத்த வகுப்பும் கணக்குல ஃபெயில். ஒருத்தன் மட்டும் நூத்துக்கு நூறு,” என்றான் கொழுந்தன். “வாத்தியாரா இருந்தா நீங்க என்ன நினைப்பீங்க?”

“காப்பி அடிச்சிருக்கான்.”

“எதைப் பாத்து?”

கண்ணாடிக்கு அப்பால் கூடத்துச் சுவர் தெரிந்தது. அண்ணி அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள்.

“வேலை நடக்கல. பொத்தான் மட்டும் அமுங்கியிருக்கு. யாரோ அந்தப் படத்தை மனசுல வெச்சுக்கிட்டு, நாள் பாத்து, ஒவ்வொரு பெட்டியா நகர்த்தியிருக்காங்க. அடுத்தவங்க பேர்ல அமுக்க முடியுமா இங்க?”

“பாஸ்வேர்ட் எல்லாம் மானிட்டர் ஓரத்துல மஞ்சள் சீட்டுல ஒட்டியிருக்கு. சாவியைக் கதவுலயே தொங்க விட்ட வீடு அண்ணி இது.”

இங்கே வேலை பார்க்கிறவர்கள் யாரும் அந்தப் படத்தை மதிக்கவில்லை. மதிக்கிற ஆள் ஒருவர்தான். காலையில் மூன்று முறை அதன் முன்னால் போய் நின்றார்.

அண்ணிக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரும்போல் இருந்தது.

மேனேஜர் தன் அறையில் முதலாளிகளுக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்தப் படம் ரொம்ப அழகா இருக்கு சார். நீங்கதான் வரைஞ்சீங்களா?”

அவர் முகம் மலர்ந்தது. “நானா? எனக்குக் கோணாம ஒரு கோடு போட வராது மேடம். அந்தப் பொண்ணு வரைஞ்சது.”

“எந்தப் பொண்ணு?”

“அதான், டெஸ்டர். வேலைக்குச் சேந்த புதுசுல வரைஞ்சு கொண்டுவந்து குடுத்தா. நல்லா இருக்கேன்னு மாட்டிட்டோம். பாருங்க, வரைஞ்சவளே இப்படிப் பண்ணிட்டா.”

வெளியே வந்ததும் கொழுந்தன் மெல்லச் சொன்னான். “கிணறு வெட்டினோம். பூதம் கிளம்பிச்சு. நம்ம பூதம்தான்.”

அந்தப் பெண்ணைத் தூக்கிவிட எடுத்த கயிறு அவள் கழுத்திலேயே போய் விழுந்திருந்தது. நாலு மணிக்கு அதிக நேரம் இல்லை.

டெஸ்டர் இருந்த சின்ன அறைக்குள் அண்ணி கதவைத் தட்டாமல் போனாள்.

“அந்தப் படம் நீங்க வரைஞ்சதா?”

“ஆமா,” என்றாள் டெஸ்டர்.

“ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கல.”

“இந்த ஆபீஸ்ல எந்த டிக்கெட்டும் அந்தப் படத்துல இருக்கற மாதிரி போகல. உங்க டிக்கெட் மட்டும் போயிருக்கு. ஒண்ணும் செய்யாம, நாள் பாத்துப் பொத்தானை அமுக்கினீங்களா?”

டெஸ்டர் நிமிர்ந்தாள். மடியிலிருந்த பை நழுவியது. அவளுக்குக் கோபம் வந்திருந்தது. அது அவளுக்கு நன்றாக இருந்தது.

“படத்துல இருக்கறபடி நிஜமாவே செஞ்சேன். ஒரு தடவையாவது எழுதி மாட்டினபடி செய்வோம்னு எல்லார்கிட்டயும் கெஞ்சினேன். சிரிச்சாங்க.”

“ஏன் அது மட்டும்?”

“பயம். பில் போடற பகுதின்னா, தப்பானா மறுபடி போட்டுக் குடுத்துடலாம். இது தப்பானா ஒரு உயிர். தாடி பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து ஒவ்வொரு வரியா படிக்க வெச்சேன். திருப்பி அனுப்ப ஒண்ணும் கிடைக்காம அவருக்கு ஒரே கடுப்பு.”

அண்ணி கண்ணைக் காட்டினாள். கொழுந்தன் வெளியே போய்த் தாடியைக் கேட்டுவிட்டு வந்தான்.

“உண்மைதானாம். கடுப்பு இன்னும் போகல.”

அண்ணி கைக்குக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கால் இல்லாத நாற்காலி. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அரை நாள் தோண்டி எடுத்த பொய் உண்மையாக இருந்தது. அந்த அலுவலகத்தில் முறைப்படி நடந்த ஒரே வேலை அது. ஒருத்தரைத் தரையில் கிடக்கவிட்டதும் அதே வேலை.

“கிழக்கு, மேற்குன்னு முடியற தெரு எதையாவது போட்டுப் பாத்தீங்களா?”

“முதல்ல அதைத்தான் போட்டேன்.” சொல்லச் சொல்ல அவளுக்கே நினைவு வந்துகொண்டிருந்தது. “நூலகத் தெரு ரெண்டையுமே போட்டேன். திரையில மேற்குன்னு வந்துச்சு, வண்டி மேற்குக்குப் போச்சு. கிழக்குன்னு வந்துச்சு, கிழக்குக்குப் போச்சு. ஆமா. போச்சு. அதான் எனக்குப் பைத்தியம் பிடிக்குது.”

அண்ணி அவளையே பார்த்தாள்.

“பார்சல்ல ஒரு விஷயம் உண்டும்மா. ஒரு ஊர்ல எடை போட்டா ஒரு எடை, அடுத்த ஊர்ல வேற எடைன்னா, நடுவுல யாரோ பிரிச்சிருக்காங்க.”

மூவரும் கண்ணாடிச் சுவருக்கு வந்தார்கள். நான்காம் பெட்டி, டெஸ்டர் ‘சரி’ சொன்ன இடம். ஐந்தாம் பெட்டி, வெளியே போன இடம். நடுவே வெறும் கோடு.

“ஒண்ணும் இல்ல,” என்றாள் அண்ணி. குரல் உயர்ந்துவிட்டது. “ஒரு தூசிகூட இல்ல.”

“தூசியைத்தான் காலையிலயே கூட்டித் தள்ளிட்டேனே,” என்றான் கொழுந்தன்.

“என்ன?”

“டிக்கெட் நம்பர் இல்லாத வரிங்க. எந்தப் பெட்டியில போடறதுன்னு தெரியல. அது மிஷின் தானா எழுதறது, குப்பைன்னு தாடி சொன்னாரு. கழிச்சுட்டேன்.”

“எவ்வளவு?”

“கொஞ்சம்தான்.” அவள் முகத்தைப் பார்த்தான். “கொஞ்சம்னு சொல்ல முடியாது.”

“டிக்கெட் வெச்சிருந்தவங்களை எல்லாம் நிறுத்தி வெச்சு விசாரிச்சிட்டு, டிக்கெட் இல்லாதவனுக்கு வழி விட்டு அனுப்பியிருக்கே.”

“நான் வேணா ராஜினாமா பண்ணிடட்டுமா அண்ணி?”

“உங்கண்ணனுக்கு யாரு பதில் சொல்றது? எடு முதல்ல.”

அவன் எடுத்தான். ஒவ்வொரு பதிப்பு வெளியே போகும்போதும், அனுப்புகிற இயந்திரம் பதிப்பு எண்ணைத் தானே மாற்றி, ‘ரிலீஸ்’ என்று ஒப்பமிடும். ஒரே மாதிரி வரிகள். வருடம் முழுக்க அவைதான். தாடி சொன்னது சரி. குப்பைதான்.

அண்ணி குப்பையை விடவில்லை. விரலை வைத்து மெதுவாக இறங்கினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இங்க பாரு. ஒரு மாத்தம் போட்டிருக்கு. உடனே எடுத்திருக்கு. மறுபடி போட்டிருக்கு.”

“மிஷினுக்கு மனசு மாறுமா?”

“உனக்கு என்ன தோணுது?”

“எங்க வாஷிங் மெஷினுக்கு மாறும். ஆனா அது துணியைத் திருப்பித் தராது.”

அப்படிப்பட்ட இடங்கள் இன்னும் இருந்தன. போடுவது, எடுப்பது, திருத்தி மறுபடி போடுவது. இயந்திரத்தின் பெயரில் ஒரு மனுஷக் கை வருடம் முழுக்க வந்து போயிருந்தது. அவற்றில் ஒன்று டெஸ்டர் ‘சரி’ சொன்ன மறுநாள் சாயங்காலம் விழுந்திருந்தது. பதிப்பு வெளியே போனது அதற்கு அடுத்த நாள் காலை. நிறுவனம் டிக்கெட்டுகளை மட்டும் விசாரித்தது. இதற்கு டிக்கெட் இல்லை.

டெஸ்டர் திரையின் முன் குனிந்து அந்த வரியைப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். அவள் கை கழுத்து நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி மறுபடி தாடியைக் கூப்பிட்டாள்.

“ரிலீஸ்ங்கற பேர்ல உள்ள போற பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கு?”

“எல்லார்கிட்டயும்.”

அவள் பல்லைக் கடித்தாள். பிறகு அட்டவணையில் இன்னோர் இடத்தைக் காட்டினாள். வருடத்தின் நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம். அங்கே இயந்திரத்தின் வரிகள் மட்டும் வரிசையாக இருந்தன. மனசு மாறிய வரி ஒன்றுகூட இல்லை.

“இந்தச் சமயத்துல இங்க யார் இல்ல?”

“எல்லாரும் இருந்தோம் மேடம். ரிலீஸ் நிறைய போன சமயம்.”

“எல்லாருமா?”

“கோட் எழுதற எல்லாரும்.”

“எழுதாதவங்க?”

தாடி அந்த இடைவெளியைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். குரல் இறங்கியது.

“அவருக்கு அப்பதான் முழங்கால் ஆபரேஷன். ரெண்டு மாசம் வீட்டுல இருந்தாரு. அவரும் ஒரு காலத்துல எழுதினவருதான் மேடம். நல்ல கை. இப்பவும் கொஞ்சம் அரிக்கும்.”

மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார். அண்ணியும் கொழுந்தனும் உள்ளே போனார்கள். டெஸ்டர் கதவருகில் நின்றுகொண்டாள். அவளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“கையெழுத்துப் போட்டாச்சா மேடம்?”

“ஒரே ஒரு வரி புரியல சார்.” அண்ணி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். “இதை யார் எழுதினது?”

அவர் மறுப்பார் என்று அண்ணி எதிர்பார்த்தாள். மழுப்புவார், குரலை உயர்த்துவார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். லேசாகப் பெருமைப்பட்டார்.

“இதா? இது நான்தான். கஸ்டமர் ஃபோன் பண்ணாங்க. டிரைவர் திரையில தெரு பேர் நீளமா இருந்தா பாதியில வெட்டுப்படுது, பாக்க அசிங்கமா இருக்குன்னு. கடைசி வார்த்தையைத் தூக்கிட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. அதுக்குப் போய்ப் பசங்களைத் தொந்தரவு பண்ணுவானேன்?”

“டிக்கெட்?”

“இதுக்கெல்லாமா டிக்கெட் போடுவாங்க?”

“சோதனை?”

“பேரைச் சுருக்கறதுல என்ன மேடம் சோதனை? அது சும்மா கண்ணுக்குக் காட்டறது. வழி தேடறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. முதன்முதல்ல அதை எழுதினவனே நான்தான்.”

“பழசுல சம்பந்தம் இல்ல சார்,” என்றாள் டெஸ்டர். “புதுசுல இருக்கு. புதுப் பகுதி திரையில இருக்கற பேரை வெச்சுத்தான் வழி தேடும். மீட்டிங்ல சொன்னேன். நீங்க ஃபோன்ல இருந்தீங்க.”

மேனேஜர் திரையைப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. நூலகத் தெரு மேற்கு. நூலகத் தெரு கிழக்கு. இரண்டிலிருந்தும் கடைசி வார்த்தையைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அவர் உதடுகள் அசையவில்லை.

மேசையில் ஃபோன் அடித்தது. முதலாளிகள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவர் எடுக்கவில்லை. அது தானாக ஓய்ந்தது.

காலையிலிருந்து சேர்ந்த கோபத்தை இறக்கிவைக்க அண்ணிக்கு ஓர் அயோக்கியன் வேண்டியிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் உதவி செய்வதாக நினைத்து ஒரு வார்த்தையை எடுத்தவர். அவள் கோபம் போக இடமில்லாமல் அங்கேயே நின்றது.

“ஒரே ஒரு வார்த்தைதான் மேடம்,” என்றார் அவர். பிறகு நிமிர்ந்தார். குரலில் பழைய மேனேஜர் திரும்பி வந்துகொண்டிருந்தார். “இதை மீட்டிங்ல பக்குவமா சொல்லலாம். யார் பேரும் வேணாம். சிஸ்டம் கோளாறுன்னு உங்க ரிப்போர்ட்ல போட்டுடுங்க. இந்தப் பொண்ணு வேலையும் போகாது. நான் பாத்துக்கறேன். எல்லாருக்கும் நல்லது.”

“சிஸ்டத்துக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதையும் சேத்துப் போடணுமா சார்?” என்றான் கொழுந்தன்.

அண்ணி அவனை அடக்கவில்லை.

“என் ரிப்போர்ட்ல என்ன வரும்னு நீங்க கவலைப்படாதீங்க,” என்றாள். “நடந்தது வரும்.”

ஃபோன் மறுபடி அடித்தது. மேனேஜரின் கை அதை நோக்கிப் போனது. டெஸ்டர் கதவைவிட்டு நகர்ந்து மேசைக்கு அருகில் வந்தாள். அவர் கை நின்றது.

“போன வாரம் அந்த அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன் சார்,” என்றாள். “நான்தான் சரியாப் பாக்கலன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவங்க மக என்னைத் திட்டுவான்னு நினைச்சேன். திட்டல. உள்ள கூட்டிட்டுப் போய் அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல உக்கார வெச்சா. நீங்க எப்ப போறீங்க?”